கத்திப்பிடியும் தோலுறையும்: பழுதைப் பார்த்துத் திருத்தும் வழிமுறை

யாழ்ப்பாணத்தில் ஒரு கத்திப்பிடி வருடத்தில் இரண்டு தடவை அளவு மாறும். ஐப்பசி முதல் மார்கழி வரை மழை ஈரத்தை உறிஞ்சி மரம் பொருமும். பங்குனி தாண்டிக் காண்டாவனம் என்ற கத்திரி வெயில் வரும்போது அதே மரம் வற்றும். 25 மி.மீ. அகலமான பிடிக்கு இந்த ஏற்ற இறக்கம் கால் மில்லிமீற்றர் அளவுக்குப் போகும். கண்ணுக்குப் பிடிபடாது, ஆனால் நகத்தால் தடவினால் தெரியும், பசை பிளக்கவும் அது போதும். தோலுறையும் அப்படித்தான்: மாரியில் தொய்யும், கோடையில் இறுகும்.

ஆகவே பிடி ஆடினால் உடனே இன்னொரு அரல்டைற் (இரண்டு ரியூப்பைக் கலந்து ஒட்டும் எபொக்சிப் பசை) வாங்க ஓடவேண்டாம். அந்தப் பிடி எந்த மாதத்தில் போடப்பட்டது, மரம் எவ்வளவு காலம் காய்ந்தது, இப்போது என்ன காலம் என்று முதலில் பாருங்கள். காரணம் தெரியாமல் பசையை ஊற்றினால் அடுத்த கோடையில் அதே இடத்தில் அதே பழுது வரும்.

எந்த வேலைக்கும் முன்பு அலகை இரண்டு மடிப்புக் கடதாசி அட்டையால் மூடி மாஸ்கிங் ரேப்பால் சுற்றிக்கட்டுங்கள். வைஸில் இறுக்கிய கத்தி வழுக்கும்போது வெட்டுக்காயம் படலாம்.

பிடி ஆடுகிறது

கத்தியின் வால், அதாவது பிடிக்குள் போகும் இரும்பு, இரண்டு விதம். பிடியின் முழு அகலத்துக்கும் இரும்பு ஓடி, இரு பக்கமும் பலகை வைத்து ஆணியால் தறைவது ஒன்று. அதைப் பட்டைவால் என்போம். ஒடுங்கிய வால் மரத்தின் நடுத்துளையில் இறங்குவது மற்றது; அது குச்சிவால். இரண்டிலும் பிடி ஆடும், காரணம் வேறு.

பட்டைவாலில் ஆணிகள் பலகையைப் பிடித்திருக்க, உள்ளே பசை மட்டும் விட்டிருக்கும். ஒரு நாணயக் குற்றியின் விளிம்பால் பிடியை நுனியிலிருந்து அடிவரை தட்டிக்கொண்டே போங்கள். பசை பிடித்த இடத்தில் ஒலி கட்டியாக வரும், விட்ட இடத்தில் வெறுமையாக வரும். வெறுமை ஒரு மூலையில் மட்டும் என்றால் அந்த இடத்தைத் திருத்தலாம். பாதிக்கு மேல் என்றால் பலகையைக் கழற்றுங்கள்.

கழற்ற, ஆணியின் நடுவில் புள்ளி குத்தி, ஆணியை விட 0.5 மி.மீ. சிறிய பிற்றால் துளைத்து, மிச்சத்தை உருளைக் கம்பியால் தட்டி வெளியே எடுங்கள். பிறகு பிடியைக் கொதிதண்ணீரில் பத்து நிமிடம் வைத்தால் எபொக்சி இளகும். மெல்லிய உளியைச் சந்தில் விட்டுத் திருப்பினால் பலகை வரும். 100 பாகைச் சூட்டில் அலகின் பதம் கெடாது. காஸ் அடுப்பில் வாலைக் காய்ச்சுவதுதான் பிழை: சூடு அலகுக்கு ஏறும், இரும்பு வைக்கோல் நிறம் தாண்டி நீலமானால் ஏறக்குறைய 300 பாகை தொட்டுவிட்டது என்று அர்த்தம். அதன்பிறகு அந்தக் கத்தியில் கூர் நிற்காது.

பலகை கழன்றதும் அவசரமாகச் சுரண்டாதீர்கள். பசை எந்தப் பக்கம் ஒட்டியிருக்கிறது என்று வெளிச்சத்தில் பாருங்கள். முழுப் பழுதும் அங்கே எழுதியிருக்கும்.

பசை முழுவதும் மரத்தில், இரும்பு பளபளவென்று சுத்தமாக இருந்தால், வாலில் எண்ணெய் இருந்திருக்கிறது, அல்லது வால் மிக மினுக்கமாக இருந்திருக்கிறது. 60 அல்லது 80 இலக்க சாண்ட் பேப்பரால் குறுக்கும் நெடுக்கும் கீறி, அசிற்றோனால் துடைத்து, பிறகு விரல் படாமல் ஒட்டுங்கள். மண்ணெண்ணெயால் துடைத்தால் அதுவே ஒரு எண்ணெய்ப் படலத்தை விட்டுப் போகும். நகப்பூச்சு அகற்றும் திரவத்திலும் பல வகைகளில் எண்ணெய் கலந்திருக்கும்.

பசை முழுவதும் இரும்பில், மரம் வெறுமையாக இருந்தால், எண்ணெய் மரம். தேக்கும் பூவரசும் இப்படிச் செய்யும். ஒட்டுவதற்குப் பத்து நிமிடத்துக்கு முன்பு மரத்தின் உள்முகத்தைச் சாண்ட் பேப்பரால் புதிதாகத் தேய்த்து, அசிற்றோன் நனைத்த வெள்ளைத் துணியால் துணியில் நிறம் ஏறுவது நிற்கும்வரை துடையுங்கள். முதல்நாள் துடைத்து வைத்தால் இரவில் எண்ணெய் திரும்ப மேலே வரும்.

இரண்டு பக்கமும் மெல்லிய கண்ணாடிப் படலமாகப் பசை இருந்தால், கிளாம்பை மிக இறுக்கிப் பசையைப் பிதுக்கி வெளியேற்றிவிட்டீர்கள். எபொக்சிக்கு அழுத்தம் தேவையில்லை, தொடர்பு போதும். பலகை அசையாத அளவுக்கு மட்டும் இறுக்குங்கள். வாலின் நடுவில் 6 மி.மீ. துளை நாலைந்து போட்டால் இரு பக்கப் பசையும் துளைக்குள் கைகோத்து ஒரு ஆணிபோலவே நிற்கும்.

பசை நகத்தால் அழுத்தப் பதிந்தால் கலவை பிழை. இரண்டு ரியூப்பிலிருந்தும் சம அளவு எடுத்து, ஓரத்தையும் அடியையும் சுரண்டிச் சுரண்டி இரண்டு நிமிடம் முழுதாகக் கலக்கவேண்டும். ஒன்றைக் கூட்டிப் போட்டால் வேகமாக இறுகும் என்பது தவறு; அது என்றைக்கும் இறுகாது. ஐந்து நிமிடத்தில் இறுகும் வகையைக் கத்திப்பிடிக்குப் பாவிக்கவேண்டாம். சூட்டையும் தண்ணீரையும் அது சாதாரண வகை அளவுக்குத் தாங்காது. கத்தியோ அடுப்புப் பக்கமும் தண்ணீர்த் தொட்டிப் பக்கமும் தான் வாழப்போகிறது.

குச்சிவாலில் கதை வேறு. கொல்லர் பட்டறையில் வாலைப் பழுக்கக் காய்ச்சி மரத்தில் இறக்கிய பிடியானால், துளைச்சுவர் கரியாகி, பாவிக்கப் பாவிக்க அந்தக் கரி தூளாகி உதிரும். அரக்கும் செங்கல் தூளும் உருக்கி வார்த்த பழைய பிடியானால், அரக்கு 70 பாகைக்குக் கிட்டவே இளகும். கொதிநீரில் கழுவினாலோ, வெயிலில் நிறுத்திய மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் கிடந்தாலோ பிடி தளரும். இரண்டுக்கும் ஒரே திருத்தம்:

1. அலகை வைஸில் மெதுவாகப் பிடித்து, பிடியின் தோள்பட்டையில் மரத்துண்டு வைத்துத் தட்டிக் கழற்றுங்கள்.
2. துளைக்குள் கரி அல்லது அரக்கை நீண்ட ஸ்குரூ டிரைவரால் சுரண்டி, தூளை ஊதி வெளியேற்றுங்கள். வெள்ளை மரம் தெரியவேண்டும்.
3. வாலின் இரு ஓரத்திலும் வட்ட அரத்தால் மூன்று நாலு பள்ளம், 1 மி.மீ. ஆழத்துக்குப் போடுங்கள். முக்கோண அரம் கூரான மூலை விடும். அடி விழும்போது வால் அங்கேதான் முறியும்.
4. அரல்டைற்றுடன் சலித்த மரத்தூளைச் சேர்த்து, குச்சியில் தூக்கினால் வழியாத பதத்துக்குக் குழையுங்கள். துளையின் மூன்றில் இரண்டு பங்குக்கு நிரப்பி, வாலை இறக்கி, ஒருமுறை வெளியே இழுத்து மீண்டும் இறக்குங்கள். உள்ளே சிக்கிய காற்று இப்படித்தான் வெளியேறும்.
5. அலகு மேலே பார்க்கச் செங்குத்தாக நிறுத்தி 24 மணித்தியாலம் தொடாமல் விடுங்கள்.

வால் பிடியின் பாதி நீளத்துக்கும் குறைவாக இருந்தால் இந்த வேலையும் நீடிக்காது. அப்போது பிடியையும் வாலையும் குறுக்காக ஊடுருவ ஒரு 4 மி.மீ. பித்தளை ஆணி போடுவதுதான் வழி. பதமேற்றிய வாலில் பிற்று ஏறாவிட்டால், அலகை ஈரத்துணியால் சுற்றி, வாலின் அந்த இடத்தை மட்டும் நீலம் வரக் காய்ச்சி ஆறவிட்டுத் துளையுங்கள்.

மரத்துக்கும் இரும்புக்கும் இடையே கோடு தெரிகிறது

ஒட்டிய மறுநாளே தெரிந்தால் உள்முகம் தட்டையில்லை. கண்ணாடித் துண்டின்மேல் 120 இலக்கத் தாளை ஒட்டி, பலகையின் உள்முகத்தில் பென்சிலால் குறுக்குக் கோடு போட்டு, கோடுகள் எல்லாம் மறையும்வரை தேயுங்கள். வாலையும் அப்படியே. கையில் பிடித்த தாளால் தேய்த்தால் ஓரம் உருளும், கோடு வருவது அங்கேதான்.

மாதக்கணக்குக்குப் பிறகு தெரிந்தால் மரம் காயாமல் போடப்பட்டிருக்கிறது. மரக்காலைத் துண்டு, வீட்டு வளவில் வெட்டிய கொப்பு எதுவானாலும் ஓர் அங்குலத் தடிப்புக்கு ஒரு வருடம் நிழலில் காயவேண்டும் என்பது தச்சர் கணக்கு. பிடிக்கு அறுத்த சிறு பலகைகள் அதைவிட வேகமாகக் காயும், ஆனால் எப்போது காய்ந்தது என்று கையால் தூக்கிப் பார்த்துச் சொல்லமுடியாது. நகைக்காரர் வைத்திருப்பதுபோன்ற 0.1 கிராம் காட்டும் சிறு தராசு இருந்தால் பலகையின் பின்புறத்தில் திகதியும் நிறையும் எழுதிக்கொண்டே வாருங்கள். இரண்டு கிழமை தொடர்ந்து நிறை மாறாவிட்டால் மரம் வீட்டுக் காற்றோடு சமன் ஆகிவிட்டது. ஐப்பசியில் சமன் ஆன மரம் வைகாசியில் இன்னும் குறையும். ஆகவே பிடி போட நல்ல காலம் மாசி தொடங்கி ஆவணி வரை. மாரியில் கட்டாயம் போடவேண்டுமென்றால் பலகைகளை ஒரு கிழமை மின்குமிழ் எரியும் பெட்டிக்குள்ளோ, குளிர்சாதனப் பெட்டியின் பின்புறச் சூட்டுக்குக் கிட்டவோ வைத்துவிட்டுப் போடுங்கள்.

வந்த கோட்டுக்குத் திருத்தம்: அகலம் நகம் நுழையாத அளவென்றால், சந்தைச் சுத்தம் செய்து நீர்போன்ற சுப்பர் குளூவை விட்டு, ஓரத்தில் அதே மரத்தூளைத் தேய்த்துவிடலாம். நகம் நுழைந்தால் கழற்றி ஒட்டவேண்டும். உள்ளே ஏற்கெனவே தண்ணீர் போயிருக்கும், வால் உள்ளிருந்து துருப்பிடிக்கும், வெளியே அடைத்தால் துருவைப் பூட்டி வைத்ததாகிவிடும்.

பிடியின் ஓரத்தில் இரும்பு விரலைக் கீறுகிறது

பட்டைவால் பிடியில் கோடையில் மட்டும் வரும் பழுது. மரம் வற்றிவிட்டது, இரும்பு அப்படியே நிற்கிறது. இரும்பை மரமட்டத்துக்கு அராவினால் மாரியில் மரம் மேடாகும். கோடையின் உச்சத்தில், ஒரே தடவை, 220 இலக்கத் தாளால் இரும்பின் இரு மூலையையும் மட்டும் மழுக்கிவிட்டால் போதும். இரண்டு காலத்திலும் கை உறுத்தாது.

ஆணிக்குப் பக்கத்தில் மரம் வெடித்திருக்கிறது

வெடிப்பு ஆணியிலிருந்து நார் ஓடும் திசையில் போனால் துளை இறுக்கம். 5 மி.மீ. ஆணிக்கு 5 மி.மீ. பிற்று என்பது பாலை, வீரை, கருங்காலி போன்ற வைரமான மரத்தில் சரிவராது. ஆணியைச் சாண்ட் பேப்பரால் சுற்றித் தேய்த்து, விரலால் தள்ளினால் இறங்கும் அளவுக்குக் கொண்டுவாருங்கள். வாலின் துளை இன்னும் அரை மில்லிமீற்றர் பெரிதாக இருக்கட்டும்; மரம் அசையும்போது ஆணிக்கும் இடம் வேண்டும். ஆணியைச் சுத்தியலால் அடித்துத் தலை விரிக்கும் ஆசையை எபொக்சி பாவிக்கும் பிடியில் விட்டுவிடுங்கள். தறைதல் பசையில்லாத பிடிக்கு உரிய வேலை. அப்போதும் ஆணித்தலையின் கீழ் பித்தளை வாஷர் போட்டு, சிறு சுத்தியலால் சுற்றிச் சுற்றி மெதுவாகத் தட்டவேண்டும்.

தேய்க்கும்போதே ஆணி ஓரம் கறுத்து வெடித்தால் காரணம் சூடு. கிரைண்டரில் ஆணியை மட்டப்படுத்தும்போது பித்தளை சூடேறி உள்ளே பசையைக் கருக்கும். ஆணியை விரலால் தொட்டுப்பாருங்கள். தொடமுடியாவிட்டால் நிறுத்தி ஆறவிடுங்கள். கடைசி அரை மில்லிமீற்றரை அரத்தாலேயே எடுங்கள்.

இரும்பு ஆணி வேண்டாம். துரு பெருத்து மரத்தைப் பிளக்கும், மரத்தில் இருக்கும் துவர்ப்போடு சேர்ந்து கறுப்பு வளையம் போடும். பித்தளைக் கம்பி கிடைக்காவிட்டால் ஹாட்வெயார் கடைகளில் பித்தளை வெல்டிங் குச்சி 3.2 மி.மீ. அளவில் இருக்கும், மேல்பூச்சு உள்ள வகையானால் அதை உரித்துவிட்டுப் பாவியுங்கள். பித்தளையைச் சுற்றிப் பச்சை படர்ந்தால் தேசிக்காயும் உப்பும் தேய்த்து, நன்றாகக் கழுவிக் காயவைத்து, தேன்மெழுகு பூசுங்கள். உப்புக்காற்று வீசும் காரைநகர், வேலணைப் பக்கம் இது அடிக்கடி செய்யவேண்டிய வேலை.

பிடி பிசுபிசுக்கிறது, மணக்கிறது

தேங்காயெண்ணெய் அல்லது நல்லெண்ணெய் பூசப்பட்டிருக்கிறது. தேங்காயெண்ணெய் காற்றில் இறுகாது. நல்லெண்ணெய் பாதி இறுகி, ஒட்டும் பதத்திலேயே நின்று தூசியைப் பிடிக்கும். மினரல் டேர்ப்பன்ரைனில் நனைத்த துணியால் இரண்டு மூன்று தரம் துடைத்து, ஒருநாள் காயவிட்டு, லின்சீட் ஒயில் (ஆளிவிதை எண்ணெய்) பூசுங்கள். மெல்லிய பூச்சு, 20 நிமிடம் ஊறவிட்டு மிச்சம் முழுவதையும் துடைத்தல், மறுநாள் அடுத்த பூச்சு. மூன்று அல்லது நாலு போதும். மழைக்காலத்தில் பூச்சுக்கிடையே இரண்டு மூன்று நாள் விடுங்கள். லின்சீட் பூசியும் பிசுபிசுத்தால், துடைக்காமல் தடிப்பாக விட்டிருக்கிறீர்கள்.

லின்சீட் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பை வாளியில் போடவே கூடாது. அது காயும்போது தானே சூடேறித் தீப்பிடிக்கும். வெளியே கொடியில் விரித்துப் போடுங்கள், அல்லது தண்ணீரில் ஊறவைத்து அகற்றுங்கள்.

பனை வைரப் பிடியில் சிராம்பு ஏறுகிறது

பனையில் கறுப்பு நார் இரும்புபோல இறுகியிருக்கும், இடையிலுள்ள வெளிர் சதை மென்மையானது. தேய்க்கத் தேய்க்கச் சதை குழிந்து நார் முனை எழும்பும். உருவம் வெட்டியபின், 120 இலக்கத்தில் தேய்த்து, நீர்போன்ற சுப்பர் குளூவை முழுவதும் ஊறவிடுங்கள். காய்ந்தபின் தாளின் பின்னால் தட்டையான மரக்கட்டை வைத்து 220, 320, 400 என்று போங்கள். வெறும் விரலால் தேய்த்தால் சதை மீண்டும் குழியும். சுப்பர் குளூ ஆவி கண்ணை எரிக்கும், திண்ணையில் வைத்துச் செய்யுங்கள். குளூ ஏறிய மரம் எண்ணெய் குடிக்காது, மெழுகு போதும்.

தேய்க்கும்போது தூளுக்கு முகமூடி போடுங்கள், பனைக்கு மட்டுமல்ல, எந்த மரத்துக்கும். முதிரைத் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பும் தடிப்பும் உண்டாக்கும். முதிரை அறுக்கும் நாளில் முழுக்கைச் சட்டையும் வேண்டும்.

பிடி கைக்குள் சுழல்கிறது, உள்ளங்கை நோகிறது

பிடி வட்டமாக இருக்கிறது. முட்டை வடிவம் வேண்டும்: தடிப்பு 20 மி.மீ. என்றால் உயரம் 28 முதல் 30 மி.மீ. நோகும் இடத்தைக் கண்டுபிடிக்க, பிடியில் பென்சில் கரியைப் பூசி, பத்து நிமிடம் மரவள்ளிக் கிழங்கு வெட்டுங்கள். கரி அழிந்த இடம்தான் மேடு. அதை மட்டும் எடுங்கள். ஈரத்தில் வழுக்கினால் அளவுக்கு மீறி மினுக்கியிருக்கிறீர்கள். மீன் வெட்டும் கத்திக்கு 220 இலக்கத்தோடு நிறுத்திவிட வேண்டும்.

உறை கத்தியைப் பிடிப்பதில்லை, தலைகீழாகப் பிடித்தால் விழுகிறது

முதலில் தோல் எந்த வகை என்று பாருங்கள். தோலின் உட்புறத்தில் ஒரு துளி தண்ணீர் விடுங்கள். மரப்பட்டை போட்டுப் பதனிட்ட தோல் உடனே குடித்துக் கறுக்கும். அந்தக் காலத்தில் ஆவரசம் பட்டை போட்டுப் பதனிட்ட வகை இது. செருப்புத் தைப்பவர்களிடம் அடித்தோலாகக் கிடைக்கும். குரோம் உப்பால் பதனிட்ட குரோம் தோலில் துளி நெடுநேரம் நிற்கும், வெட்டுமுகத்தில் பெரும்பாலும் சாம்பல் நீலக் கோடு தெரியும். குரோம் தோல் எவ்வளவு நனைத்து அழுத்தினாலும் வடிவத்தை வைத்திருக்காது. அதில் செய்த உறைக்கு ஒரே வழி, பிடியைச் சுற்றிப் பூட்டும் பட்டியும் அழுத்துப் பொத்தானும்.

பட்டைத் தோலானால் மீண்டும் வடிவம் பிடிக்கலாம். கத்தியை உறை பிடிக்கவேண்டிய இடம் அலகு அல்ல, பிடியின் முன்பகுதி. பிடியில் மூன்றிலொரு பங்காவது உறைக்குள் போகும்படி உறை வெட்டப்பட்டிருக்க வேண்டும். அப்படி இல்லாவிட்டால் நனைத்துப் பயனில்லை, பட்டிதான்.

கத்திக்கு எண்ணெய் பூசி, சோறு கட்டும் லஞ்ச் சீற்றை இரண்டு சுற்றுச் சுற்றி ரேப்பால் ஒட்டுங்கள். உறையை மழைத்தண்ணீரில், அல்லது கொதித்து ஆறிய தண்ணீரில், குமிழி வருவது நிற்கும்வரை அமிழ்த்துங்கள், 3 மி.மீ. தோலுக்குச் சில நிமிடம். எடுத்துத் தண்ணீரை வடியவிட்டு, மேல்நிறம் திரும்ப வெளிறத் தொடங்கும்போது கத்தியைச் செருகி, பிடியின் கழுத்தை விரலாலும் ஒரு மழுங்கிய கரண்டிக் காம்பாலும் சுற்றி அழுத்துங்கள். அரை மணித்தியாலம் வைத்துக் கத்தியை மெதுவாக உருவி, உறையை வெறுமையாக நிழலில் இரண்டு நாள் காயவிடுங்கள். நகத்தால் இழுக்காதீர்கள், ஈரத்தோலில் பட்ட நகக்கீறு போகாது.

கத்தி உள்ளே போக மறுத்தாலும் இதே வேலைதான், லஞ்ச் சீற்றை மட்டும் மூன்று நாலு சுற்று. அப்படியும் போகாவிட்டால் தையல் கோடு அலகுக்கு மிகக் கிட்ட விழுந்திருக்கிறது, பிரித்துத் தைக்கவேண்டும்.

கத்தி தையலை அறுக்கிறது

கூர் ஓரத்தில் இடைத்தோல் இல்லை, அல்லது ஒடுங்கலாக இருக்கிறது. இரண்டு தோலுக்கும் நடுவில், கூர் வந்து முட்டும் இடத்தில், 3 மி.மீ. தடிப்பும் 10 மி.மீ. அகலமும் உள்ள தோல் பட்டை ஒன்று நுனிவரை ஓடவேண்டும். தையல் வெளிவிளிம்பிலிருந்து 4 மி.மீ. உள்ளே. அப்போது கூருக்கும் நூலுக்கும் இடையே 6 மி.மீ. தோல் நிற்கும். உறையின் வாயருகே இடைத்தோலை இன்னும் சற்று அகலமாக வைத்து, ஒரு செம்பு ரிவெற்றும் போடுங்கள். கத்தியைச் செருகும்போது முதலில் வெட்டு விழுவது அங்கே.

வெட்டு தோலின் வெளிப்பக்கம்வரை வந்துவிட்ட உறையை ஒட்டுப்போட்டுப் பாவிக்காதீர்கள். உருவும்போது கை பிடிப்பது அந்த விளிம்பைத்தான். புதிது செய்யுங்கள். உருவும்போது எப்போதும் உறையை முதுகுப் பக்கமாகப் பிடிக்கப் பழகுங்கள்.

உறைக்குள் வைத்த கத்தி துருப்பிடிக்கிறது

தோல் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும், கத்தி அந்த ஈரத்துக்குள் இருக்கும். லொறி வில்லுத் தகட்டில் அடித்த கத்திக்கு மாரியில் ஓர் இரவு போதும். தீவுப்பகுதியிலும் கரையோரத்திலும் இன்னொரு காரணமும் உண்டு: உவர்க் கிணற்றுத் தண்ணீரில் நனைத்து வடிவம் பிடித்த உறை. தண்ணீர் ஆவியாகும், உப்பு தோலில் தங்கும், அந்த உப்பு ஒவ்வொரு மழைக்கும் காற்றின் ஈரத்தை இழுத்துக் கத்திக்குக் கொடுக்கும். அப்படிப்பட்ட உறையை மழைத்தண்ணீரில் மூன்று தடவை, தண்ணீர் மாற்றி மாற்றி, கால் மணித்தியாலம் ஊறவைத்து மீண்டும் வடிவம் பிடித்துக் காயவையுங்கள்.

நுனியில் 4 மி.மீ. வடிதுளை இல்லாவிட்டால் போடுங்கள். கத்தியை உறையில் களஞ்சியப்படுத்த வேண்டாம். உறை எடுத்துச் செல்ல மட்டும். வீட்டில் எண்ணெய்த்துணியால் துடைத்துக் கடதாசியில் சுற்றி வையுங்கள். குசினிக் கத்திக்குத் தோலுறையே பொருந்தாது, தோலைக் கழுவிச் சுத்தம் செய்யமுடியாது.

ஈரத்தோலில் கறுப்புப் புள்ளிகள்

தோலின் துவர்ப்பும் இரும்புத் தூளும் சேர்ந்தால் கறுப்பு. கத்தி அராவிய மேசையிலேயே தோலை நனைத்திருப்பீர்கள். ஒரு பங்கு தேசிக்காய்ப் புளிக்கு நாலு பங்கு தண்ணீர் கலந்து, தோல் ஈரமாக இருக்கும்போதே முழு முகத்துக்கும் துடையுங்கள். புள்ளிக்கு மட்டும் துடைத்தால் வெளிறிய திட்டு நிற்கும். பிறகு நல்ல தண்ணீரால் துடைத்துவிடுங்கள்.

இதே வேதியியலை வேண்டுமென்றே பாவித்தால் கையில் ஒட்டாத கறுப்பு கிடைக்கும், கடைச்சாயத்தை விட நம்பிக்கையானது. எண்ணெய் கழுவிய இரும்புத் தும்பை வினாகிரியில் இரண்டு கிழமை மூடியைத் தளர்வாக வைத்து ஊறவிட்டு, வடித்துப் பூசினால் தோல் கண்முன்னே கறுக்கும். ஒரு லீற்றர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி அப்பச்சோடா கலந்து உடனே கழுவுங்கள். இந்தப் படியை விட்டால் புளிப்பு தோலில் நின்று கத்தியைத் துருப்பிடிக்க வைக்கும்.

பூஞ்சணம்

கார்த்திகையில் அலுமாரிக்குள் இருந்த உறையில் வெள்ளையாகப் படர்ந்தால் வெளியே கொண்டுபோய்த் துடையுங்கள், உள்ளே தட்டினால் வித்து பரவும். வினாகிரியும் தண்ணீரும் சம அளவு கலந்து மெல்லத் துடைத்து, காலை இளவெயிலில் அரை மணித்தியாலம், பிறகு காற்றோட்டமான நிழல். தேங்காயெண்ணெய் பூசிய உறையில் இது திரும்பத் திரும்ப வரும், தோலும் தொய்யும். நிறமில்லாத சப்பாத்துப் பொலிஷ் அல்லது தேன்மெழுகு மெல்லியதாகத் தேய்த்தால் போதும்.

தையல் அவிழ்கிறது

தையல் மெஷினில் தைத்த உறையில் ஒரு இடத்தில் நூல் அறுந்தால் தொடர்ந்து அவிழும். ஒரு நூலின் இரு முனையிலும் ஊசி கோத்து, ஒரே துளையால் இரண்டும் எதிரெதிராகப் போகத் தைத்தால் ஒரு கண் அறுந்தாலும் மற்றது பிடிக்கும். மெழுகிட்ட பொலியெஸ்ரர் அல்லது நைலோன் நூல், 0.8 முதல் 1 மி.மீ.; பருத்தி நூல் இங்குள்ள ஈரத்தில் உக்கும். துளை இடைவெளி 5 மி.மீ., நூல் நீளம் தையல் கோட்டின் ஐந்து மடங்கு. தைக்குமுன் கோட்டில் 1 மி.மீ. பள்ளம் கீறினால் நூல் தோல்மட்டத்துக்குள் அமர்ந்து உராயாது. முடிவில் மூன்று கண் பின்னோக்கித் தைத்து, 2 மி.மீ. விட்டு வெட்டி, லைற்றரால் உருக்கி அழுத்துங்கள்.

இரண்டாவது ஊசியைத் துளைக்குள் விடும்போது முதல் நூலைச் சற்றே பின்னுக்கு இழுத்துப் பாருங்கள். அசைந்தால் சரி. அசையாவிட்டால் ஊசி நூலைக் குத்திப் பிளந்திருக்கிறது. ஊசியை வெளியே எடுத்துத் திரும்ப விடுங்கள், இறுக்கவேண்டாம்.

தோல் சுருங்கி முறுகிவிட்டது

நனைத்த உறையை வெயிலிலோ அடுப்பருகிலோ காயவைத்தால், அல்லது சுடுதண்ணீரில் அமிழ்த்தினால், தோல் சுருண்டு கொம்புபோல இறுகி, மடித்தால் உடையும். நனைந்த பட்டைத் தோல் 70 பாகைக்குக் கிட்டவே சுருங்கத் தொடங்கிவிடும். எண்ணெயோ மெழுகோ இதைத் திருப்பாது. நூலையும் ரிவெற்றையும் கழற்றி எடுத்துக்கொண்டு, பழைய உறையை விரித்து அளவுத்தாள் எடுக்கமுடியாது என்பதால், கத்தியையே கடதாசியில் வைத்துப் புதிதாகக் கோடு கீறி, சுற்றிவர 15 மி.மீ. சேர்த்து வெட்டுங்கள்.